ஏலம்

திருமங்கலத்தில், எங்கள் கோயில் அறுப்பின் பண்டிகையில்,
ஒரு கோழியை ஏழாயிரத்து இருநூறு ரூபாய்க்கு எடுத்தேன்.
எழுதிவிட்டேன். இனி மறைக்க ஒன்றுமில்லை.

பந்தலடியில் வாழைத்தார், பூசணி, ஒரு மூட்டை சோளம்,
யாரோ வீட்டில் சுட்டு ஒரு பக்கம் கருகிய கேக்.
கடைசியாக, காலில் நீலத்துணி கட்டிய சாம்பல் பெட்டை.
"ஏசடியாளம்மா காணிக்கை" என்றார் கோயில்பிள்ளை.
நூறு, என்றது பின்வரிசையில் ஒரு குரல்.
நூற்றைம்பது என்றேன், சும்மா.
இருநூறு, என்றது அதே குரல்.
அப்போதுதான் அருமைநாயகம் கை தூக்கினார்.
ரோடு காண்ட்ராக்டர்.
போன வருடம் கிடாய் ஏலத்தில் என்னை உட்காரவைத்தவர்.
அதற்கப்புறம் என் கண்ணுக்குக் கோழி தெரியவில்லை.

முந்நூற்றைம்பதில் பின்வரிசை அடங்கிப்போனது.
காதில் விழத்தான் செய்தது.
ஆயிரம், மூவாயிரம், ஐந்து...
ஏழாயிரத்து இருநூறில் அவர் வேட்டி நுனியை உதறிக்கொண்டார்.
ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்.
ஐயர் மைக்கில் என் பெயரைச் சொன்னார்.
இன்னொரு தரம் சொல்வாரா என்று நின்றிருந்தேன்.

பைக்கில் கோழியைத் தொங்கவிடும்போது அவள் வந்தாள்.
பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் காசு வாங்குகிறவள்.
பதினோரு வருடமாக ஒரே ஆராதனை,
பெயர் அன்றுதான் எனக்குத் தெரியும்.
"தலைகீழாத் தூக்காதீகய்யா, கிறுகிறுத்துப்போகும்.
குருணைதான் திங்கும். கம்பு வச்சா மூஞ்சியத் திருப்பிக்கும்."
மகன் மதுரை பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்துகொண்டதாம்.
கர்த்தருக்குக் கொடுத்துவிட்டு
அவர் கையிலிருந்தே விலைக்கு வாங்கிக்கொள்ள
நானூறு சேர்த்திருந்தாளாம்.
அவர்களுக்குள் அப்படி ஒரு கணக்கு.
நடுவில் புகுந்தவன் நான்.

"நீயே வச்சுக்கம்மா" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
அருமைநாயகத்தின் கார் இன்னும் கிளம்பவில்லை.
அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
"காணிக்கையா வச்சத ஓசியில திருப்பி வாங்கலாமாங்கய்யா?"
முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.
நானூறையும் பெட்டியில் போட்டுவிட்டு
குண்டாற்றுப் பக்கம் நடந்துபோனாள்.
என் சட்டைப்பையில் ரசீது மொடமொடத்தது.

இரண்டு நாள் கோழி எதையும் தொடவில்லை.
மூன்றாம் நாள் மோட்டார் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு
பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.
"செத்த நில்லுங்கய்யா, இவுகல்லாம் அவசரத்துல நிக்கிறாக."
ராஜபாளையம் பஸ்ஸில் வந்து இறங்கிய கூட்டம்.
எந்தக் கல்யாணத்திலும் எனக்கு முன்நாற்காலி உண்டு.
இங்கே சுவரோரம், பினாயில் வாடையில், இருபது நிமிடம்.
ஒரு குழந்தைக்காரி. ஒரு கிழவர்.
காசில்லாத ஒரு பையன், அவனும் எனக்கு முன்னால்.
அவர்களை நான் அனுப்பவில்லை.
அவர்தான் அனுப்பினார்,
என்னை ஏறிட்டும் பார்க்காமல்.

பிறகு கேட்டார்:
"நின்னுக்கிட்டு வச்சீகளா, உக்காந்து வச்சீகளா?"
நின்றுகொண்டுதான்.
"அதான்."

இப்போது தினமும் குந்துகிறேன்.
ஜெபத்துக்கே நாற்காலி போட்டுக்கொள்பவன்,
முழங்கால் கத்துகிறது.
கோழி தின்கிறது, நான் பார்க்காதபோது மட்டும்.
ஏசடியாளம்மாவுக்கு முட்டை கொடுத்தனுப்பினால்
பாதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.
இதையெல்லாம் யாரிடமும் சொல்வதில்லை என்று
நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன்.
உங்களோடு ஐந்து.

கர்த்தாவே, அடுத்த ஏலம் வருகிறது.
அருமைநாயகம் இப்போதே கிடாய் பார்த்துவிட்டாராம்.
உள்ளங்கை அரிக்கிறது.
பின்வரிசையில் இடம் பிடித்து
கையின் மேலேயே உட்கார்ந்துகொள்ளலாம் என்றிருக்கிறேன்.